ஆய்வு இடைவெளி

பிப்ரவரி 9

அன்புள்ள ஓவர்சியர் ஐயாவுக்கு,

முகத்தைச் சுளிக்காதீர்கள். நீங்கள் பொறியாளர்தான், பால ஆய்வுப் பிரிவுக்கே தலைவர்தான். ஆனால் வருடத்தில் பாதி நாள் பாலத்துக்கு அடியில் சேற்றில் நிற்கிற மனிதரை எனக்கு வேறு எப்படிக் கூப்பிடத் தோன்றும்?

நம் வாலு போட்ட சட்டத்தை முதலில் மதிப்பது நான்தான் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். "போன்ல பேசினா ரெண்டு பேரும் கத்துறீங்க. எழுதிக்கோங்க. எழுதும்போது யாராலயும் கத்த முடியாது" என்று அவள் சொன்னபோது சிரித்தேன். பதினேழு வயதுப் பெண் அம்மா அப்பாவுக்குப் பஞ்சாயத்து செய்யும்படி ஆகிவிட்டதே என்று வெட்கமாகவும் இருந்தது. இப்போது எழுத உட்கார்ந்தால் அவள் சொன்னது சரியென்று படுகிறது. நீங்கள் அங்கேயும் நாங்கள் இங்கே தலைமை அலுவலகத்து ஊரிலுமாக ஆன இந்த மூன்று வருடத்தில், குறுக்கே யாரும் பேசாமல் நான் உங்களோடு பேசுவது இதுதான் முதல் முறை.

செய்தி இருக்கிறது. உங்கள் கோட்டத்துப் பாலங்கள் எல்லாம் எங்கள் கணினி மாடலுக்குள் வந்துவிட்டன. திரையில் பாலத்தைத் திருப்பிப் பார்க்கலாம், தலைகீழாகக் கவிழ்த்தும் பார்க்கலாம். ஒரு தூணைத் தொட்டால் அது எப்போது ஊன்றப்பட்டது, எங்கே விரிசல், போன வருடம் எவ்வளவு இருந்தது, இப்போது எவ்வளவு என்று எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். தலைமைப் பொறியாளர் வந்து பார்த்துவிட்டு, "ஏம்மா, இது படமா, பாலமா?" என்றார். "ரெண்டும் இல்ல சார். பாலத்தோட உடம்பு ரிப்போர்ட்" என்றேன். மனிதர் சிரித்துவிட்டார். அவர் சிரித்து இந்த அலுவலகத்தில் யாரும் பார்த்ததில்லை.

எல்லாம் உங்கள் அளவுகளால்தான். மற்ற கோட்டங்கள் அனுப்புவதைத் திருப்பி அனுப்பியே எங்களுக்குக் கை ஓய்ந்துபோகிறது. உங்களுடையதில் ஒன்றுகூடத் திரும்பவில்லை. என் பிரிவுப் பெண்கள், "மேடம், யாரு மேடம் இவரு? தங்கம்!" என்றார்கள். "எனக்கும் கொஞ்சம் தெரிஞ்சவர்தான்" என்று சொல்லி வைத்தேன்.

ஒரே ஒரு குறை. அளவுகள் நாள் தவறாமல் வருகின்றன. கடிதத்தைத்தான் காணோம்.

இப்படிக்கு,
டாக்டரம்மா (பாலங்களுக்கு மட்டும்)

---

பிப்ரவரி 24

அன்புள்ள டாக்டரம்மா,

குறை நியாயமானது. எழுதுவது எனக்கு வராது என்று உனக்குத் தெரியும். அறிக்கை எழுதச் சொல், எழுதுகிறேன். "தெற்குப் பக்கச் சுவரில் ஈரம் காணப்படுகிறது" என்பது போல. "மனிதர் நலமாகக் காணப்படுகிறார்" என்று என்னைப் பற்றி எழுதினால் நன்றாகவா இருக்கும்?

நலம்தான். டிரைவர் அண்ணனும் நலம். நீ அனுப்பிய டேப்லெட்டைப் பார்த்தால்தான் அவருக்கு ஆகவில்லை. தூண் தலையில் பாலத்தைத் தாங்குகிற ரப்பர் பேட் ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர் கேட்கிறது உன் மாடல். நான் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருந்தேன். "என்ன சார், பாலத்துக்கு ஜாதகம் எழுதுறீங்களா?" என்றார். "ஆமாண்ணே." "ஆயுசு எப்படி இருக்குதாம்?" "நம்மளவிட கெட்டிதான்." "அதுக்கு மிஷின் எதுக்கு சார், நம்மளப் பாத்தாலே தெரியுமே" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் போய்ப் படுத்துக்கொண்டார்.

நேற்று ஆற்றுப் பாலத்துக்கு அடியில் இருந்தேன். நல்ல வெயில். மேலே பஸ்ஸும் லாரியுமாகப் போய்க்கொண்டே இருந்தன. ஒவ்வொரு வண்டிக்கும் இணைப்பில் 'தடக்' என்று ஒரு சத்தம். மேலே போகிறவர்களுக்குக் கீழே ஒருவன் நிற்கிறான் என்றே தெரியாது. தெரியவும் வேண்டாம். அவர்கள் ஆளுக்கொரு வேலையாகப் போகிறார்கள், போய்ச் சேர்கிறார்கள். எனக்கு அது போதும். நீ என்னுடன் இருந்த காலத்தில் இதை உனக்குச் சொன்னேனா என்று யோசித்துப் பார்த்தேன். சொன்ன மாதிரி ஞாபகம் இல்லை.

வாலுவுக்கு ஷூ வாங்க நினைத்தேன். அளவு தெரியவில்லை. பாலத்துக்கு மில்லிமீட்டர் வரை தெரிகிறது, பெற்ற பெண்ணின் கால் அளவு தெரியவில்லை. நீயே வாங்கிக் கொடுத்து, அப்பா வாங்கியது என்று சொல்.

இப்படிக்கு,
உன் ஓவர்சியர்

---

மார்ச் 18

அன்புள்ள உங்களுக்கு,

ஷூ வாங்கியாயிற்று. "அப்பா வாங்கினாரா? அப்ப எப்படி அளவு சரியா இருக்கு?" என்று கேட்டாள். மாட்டிக்கொண்டேன்.

இன்று உங்களிடம் ஒரு நல்ல செய்தி சொல்லப் போகிறேன். கொஞ்ச நாளாகவே வாயை அடக்கிக்கொண்டிருந்தேன்.

உங்கள் பாலங்களில் சென்சார் பொருத்தினார்களே, அவை அனுப்பும் எண்களும் நீங்கள் கையால் எடுத்த எண்களும் ஒத்துப்போகின்றன. முழுதாக ஒரு மழைக்காலத்துக்கு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டேன். மாடலில் ஒவ்வொரு பாலத்துக்கும் 'ஆய்வு இடைவெளி' என்று ஒரு கட்டம் உண்டு. ஆள் எத்தனை நாளைக்கு ஒரு முறை நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்பது அதில் இருக்கும். உங்கள் பாலங்களுக்கு ஆறு மாதம் என்று இருந்தது. மழைக்கு முன்னால் ஒரு தடவை, மழைக்குப் பின்னால் ஒரு தடவை. அதை ஐந்து வருடம் என்று மாற்றிப் பரிந்துரை எழுதினேன். இடையில் ஏதாவது என்றால் சென்சாரே சொல்லிவிடும். தலைமைப் பொறியாளர் ஒப்புக்கொண்டு மேலே அனுப்பிவிட்டார்.

இது உங்களுக்கு என்ன என்று புரிகிறதா? இனி மழை வந்தால் நீங்கள் ஓட வேண்டியதில்லை. நம் சண்டைகள் எல்லாம் எந்த மாதத்தில் வந்தன என்று எண்ணிப் பாருங்கள். வெளியே மழை பிடித்தால் நீங்கள் வீட்டில் இருக்க மாட்டீர்கள். வாலுவுக்குக் காய்ச்சல் என்றாலும், வீட்டுக்குள் தண்ணீர் வந்தாலும், நான் ஜன்னலில் நின்று உங்கள் பாலங்களைத் திட்டிக்கொண்டிருப்பேன். கல்லோடும் கம்பியோடும் சக்களத்திச் சண்டை போட்ட ஒரே பொறியாளர் நானாகத்தான் இருக்கும்.

இங்கே என் பிரிவில் களத்தையும் மாடலையும் இணைத்துப் பார்க்க ஒரு பணியிடம் வருகிறது. உங்களை விட்டால் அதற்கு ஆள் இல்லை. வாலுவிடம் சொன்னேன். "அப்பா வந்தா சேத்துக் காலோட ஹாலுக்கு வருவாரே, பரவால்லயா?" என்றாள். "பரவால்ல" என்றேன். "எழுதிக் கொடு" என்றாள். எழுதிக் கொடுத்தேன். கையெழுத்தும் போட்டேன்.

வருகிறீர்களா?

உங்கள்
டாக்டரம்மா

---

ஏப்ரல் 6

அன்புள்ள உனக்கு,

உன் கடிதம் வந்த அன்றே அலுவலக ஆணையும் வந்தது. இரண்டையும் ஒரே மேஜையில் வைத்துப் படித்தேன்.

இந்தக் கோட்டத்தின் பால ஆய்வுப் பிரிவைக் கலைத்துவிட்டார்கள். இந்த மாதக் கடைசி வரைதான். ஜீப்பைத் திரும்ப எடுத்துக்கொள்கிறார்கள். டிரைவர் அண்ணனை ஸ்டோருக்குப் போடுகிறார்கள். நான் தலைமை அலுவலகத்துக்கு வரலாம், அல்லது காலியாக உள்ள வேறு கோட்டத்துக்குப் போகலாம்.

ஆணையில் காரணமாக ஒரு பத்தி சேர்த்திருக்கிறார்கள். 'இப்பாலங்களை ஆட்கள் நேரில் சென்று பார்ப்பதற்கான தேவை இனி அரிது.' கீழே பெயர் இல்லை. பெயர் வேண்டுமா? உன் வாக்கியம் எனக்குத் தெரியாதா?

கோபமாக எழுதவில்லை. எழுதினால் கத்த முடியாது என்று வாலு சொன்னது உண்மைதான். கத்த முடிந்திருந்தால் இந்தக் கடிதம் சீக்கிரம் முடிந்திருக்கும்.

நான் மழைக்கு ஓடியதை நீ ஒரு சுமையாகவே பார்த்திருக்கிறாய். என் தலையிலிருந்து அதை இறக்கி வைத்திருக்கிறாய். நல்ல மனதோடுதான் செய்தாய், தெரியும். ஆனால் "இது சுமையா?" என்று ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாம்.

ஜீப் இருக்கிற வரை ஒரு வேலை செய்யப் போகிறேன். டேப்லெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, உன் மாடலையும் பாலங்களையும் ஒன்றோடு ஒன்று வைத்துப் பார்க்கப் போகிறேன். எல்லாப் பாலங்களையும்.

இப்படிக்கு,
நான்

---

ஏப்ரல் 11

அன்புள்ள உங்களுக்கு,

பிரிவையே கலைப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. எழுதிப் பார்த்தால் இது எனக்கே சாக்காகத்தான் தெரிகிறது. ஆறு மாதத்தை ஐந்து வருடம் ஆக்கினால், அந்த வேலையைச் செய்கிறவர்களுக்கு என்ன வேலை மிஞ்சும் என்று ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை கணக்குப் போட்டிருக்கும். நான் போடவில்லை. கணக்கின் மறுபக்கத்தில் நீங்கள் வீட்டு வாசலில் நிற்பது மட்டும்தான் என் கண்ணுக்குத் தெரிந்தது.

தலைமைப் பொறியாளரிடம் போனேன். "பரிந்துரையைத் திரும்ப எடுத்துக்கலாமா சார்?" என்று கேட்டேன். "ஏம்மா, எண்ணு தப்பா?" என்றார். "இல்ல சார்." "அப்புறம்?" அவர் கெட்டவர் இல்லை. "மாடல்ல இல்லாதது ஒண்ணு களத்துல இருக்குன்னு காட்டுங்க. ஒரே ஒண்ணு போதும். நானே நிறுத்தி வைக்கிறேன்" என்றார்.

அதனால் கேட்கிறேன். நன்றாகப் பாருங்கள். மாடலுக்குத் தெரியாத ஒரு விரிசல், கணக்கில் வராமல் நசுங்கிய ஒரு ரப்பர் பேட், எதுவாக இருந்தாலும் எழுதுங்கள். அன்றைக்கே எடுத்துக்கொண்டு ஓடுகிறேன். இதற்காக மூன்று வருடம் கண் கெட உழைத்தவள் நான். இன்று அது எங்காவது பொய் சொல்லியிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பிள்ளை பரீட்சையில் தோற்க வேண்டும் என்று தாய் வேண்டுகிற மாதிரி இருக்கிறது.

வாலு எதுவும் கேட்பதில்லை. நான் எழுதிக் கொடுத்த காகிதத்தை மட்டும் ஃப்ரிட்ஜ் கதவிலிருந்து எடுத்துவிட்டாள்.

உங்கள்
நான்

---

ஏப்ரல் 29

அன்புள்ள உனக்கு,

எல்லாப் பாலங்களையும் பார்த்துவிட்டேன். மாடல் சரி.

நீ வேண்டிக்கொண்டது போலத்தான் நானும் தேடினேன். முதல் வாரம் கொஞ்சம் தெம்பாகத்தான் இருந்தேன். எங்காவது ஓரிடத்தில் சறுக்கியிருக்கும், சறுக்காத வேலை உலகத்தில் உண்டா என்று. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், சுத்தியலால் தட்டிப் பார்த்தேன். எங்கே தட்டினாலும் நீ முன்பே வந்து போயிருந்தாய்.

ஆற்றுப் பாலத்தை நேற்றுத்தான் கடைசியாகப் பார்த்தேன். நடுத்தூணில், வெள்ளம் தொடுகிற மட்டத்துக்கு மேலே ஒரு கோடு. என் முழங்கை நீளம் இருக்கும். மாடலில் இல்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தேன், இல்லை. ஒரு பாலத்தில் விரிசலைக் கண்டு சந்தோஷப்படுவேன் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால் அடித்திருப்பேன். நேற்று சந்தோஷப்பட்டேன். டிரைவர் அண்ணனைக் கத்திக் கூப்பிட்டேன். ஏணியை அவர் பிடித்துக்கொள்ள நான் ஏறினேன்.

அது விரிசல் இல்லை. ஏதோ கொடி படர்ந்து, காய்ந்து உதிர்ந்து, அதன் வேர் ஒட்டியிருந்த தடம். கட்டை விரலால் தேய்த்தேன், போய்விட்டது.

கீழிருந்து அண்ணன் கேட்டார். "என்ன சார், கிடைச்சிருச்சா?"

"இல்லண்ணே. அழுக்கு."

அவர் ஏணியை விடாமல், "எழுதிடுங்க சார்" என்றார்.

"என்னன்னு?"

"விரிசல்னு. யாரு ஏணி போட்டு ஏறிப் பாக்கப் போறா? அவங்கதான் இனிமே வரவே மாட்டோம்னு சொல்லிட்டாங்களே."

சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. ஸ்டோரில் அவருக்கு ஓட்ட வண்டி கிடையாது. நான் எழுதியிருந்தால் நாங்கள் இருவரும் இன்னும் கொஞ்ச காலம் இதே வேலையில் இருந்திருப்போம். டேப்லெட்டைத் திறந்து, தூணைத் தொட்டு, நீளம் கேட்கிற கட்டம் வரை போனேன். உனக்கு இதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. அந்தக் கட்டம் வரை போனேன்.

விரிசல் என்று எழுதினால் நாளைக்கே லாரிகளை நிறுத்துவார்கள். ஊரே சுற்றிக்கொண்டு போகும். அதைவிட, அந்தப் பொய் உன் மாடலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். நாளைக்கு வேறு யாரோ அதை நம்பிக் கணக்குப் போடுவார்கள். டேப்லெட்டை மூடினேன். இறங்கி வந்தேன். அண்ணன் ஏணியை மடித்தார்.

நீ செய்தது நல்ல வேலை. மற்றவர்கள் சொல்வதைவிட நான் சொன்னால் உனக்குச் சரியாக இருக்கும் என்பதால் எழுதுகிறேன். மோசமான வேலையாக இருந்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். நல்ல வேலையோடு என்ன சண்டை?

தலைமை அலுவலகத்துக்கு நான் வரவில்லை. மலைச்சாலைக் கோட்டத்தில் ஒரு இடம் காலி. சின்னச் சின்னப் பாலங்கள், பாதிக்கு வரைபடம்கூடக் கிடையாது. கையெழுத்துப் போட்டுவிட்டேன். அடுத்த வாரம் கிளம்புகிறேன்.

இப்படிக்கு,
நான்

---

மே 20

அன்புள்ள உங்களுக்கு,

இந்தக் கடிதத்தைப் பல தடவை தொடங்கிக் கிழித்தேன். இதையாவது முடித்துவிட வேண்டும்.

நீங்கள் கட்டம் வரை போனதை எனக்குச் சொன்னீர்கள். நானும் போனேன். ஆணை வந்ததாக நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்த அன்று, எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில், ஆற்றுப் பாலத்தைத் திறந்து ஐந்து வருடத்தை அழித்துவிட்டு மறுபடி ஆறு மாதம் என்று போட்டேன். சேமிக்கப் போனால் மாடல் காரணம் கேட்டது. எந்த எண்ணை மாற்றினாலும் காரணம் எழுதாமல் விடாது. அப்படி வைத்தவளே நான்தான். காரணம் இல்லாமல் யாரும் எதையும் மாற்றிவிடக் கூடாது என்று கூட்டத்தில் அரை மணி நேரம் வாதாடி வைத்தேன். அந்தக் கட்டத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். என்ன எழுதுவது? 'அவருக்கு அங்கே நிற்கப் பிடிக்கும்' என்றா? அதற்குள் என் பிரிவுப் பெண் டிபன் டப்பாவோடு வந்து, "மேடம், சாப்பிடலயா?" என்றாள். மூடிவிட்டேன்.

இப்போது வேறொன்று தோன்றுகிறது. முதல் தடவை ஆறு மாதத்தை ஐந்து வருடமாக மாற்றியபோதும் அது காரணம் கேட்டது. 'சென்சார் தரவு போதுமானது' என்று எழுதினேன். உண்மைதான். ஆனால் என் காரணம் அது இல்லையே. என் காரணத்தை நான் அங்கேயும் எழுதவில்லை, உங்களிடமும் சொல்லவில்லை. 'வீட்டுக்கு வாருங்கள்' என்று சொல்லத் தெரியாமல், நீங்கள் போகிற இடத்தையே இல்லாமல் ஆக்கினேன்.

பாலத்துக்கு அடியில் நிற்பதைப் பற்றி பிப்ரவரியில் எழுதியிருந்தீர்கள். அதற்கு நான் பதிலே எழுதவில்லை என்பதை இப்போதுதான் கவனித்தேன். ஷூவைப் பற்றி எழுதினேன், சென்சாரைப் பற்றி எழுதினேன். உங்களைத் தவிர எல்லாவற்றையும் பற்றி.

அலுவலகச் செய்தி ஒன்று. மாடலின் அடுத்த கட்டத்துக்கு எந்தக் கோட்டத்தை முதலில் எடுப்பது என்று நான்தான் வரிசை போட வேண்டும். மலைச்சாலைகளும் அதில் இருக்கின்றன. உங்களுடையதைக் கடைசியில் வைத்துவிடலாம் என்று கை போனது. நிறுத்திக்கொண்டேன். உங்களைக் கேட்காமல் இன்னொரு எண்ணை மாற்ற மாட்டேன். சொல்லுங்கள், என்ன செய்யட்டும்?

இன்னொன்றும் கேட்க வேண்டும். கல்யாணமாகி இருபது வருடத்தில் நீங்கள் வேலை செய்கிற இடத்துக்கு நான் ஒரு நாள்கூட வந்ததில்லை. திரையில் எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்தவள், நேரில் அடியில் நின்று ஒரு சத்தம் கேட்டதில்லை. ஜூலையில் எனக்கு விடுப்பு இருக்கிறது. உங்களைத் திரும்பக் கூட்டிவர இல்லை. சும்மா, உங்களோடு நிற்க.

நான் வரட்டுமா?

உங்கள்
டாக்டரம்மா

---

ஜூன் 15

அன்புள்ள உனக்கு,

பதில் தாமதம். இங்கே மழை தொடங்கிவிட்டது. ஒரு பாலத்தின் கைப்பிடிச் சுவர் சரிந்து, அதைச் சரிசெய்வதில் நாள் போய்விட்டது.

மலைச்சாலைகளைக் கடைசியில் வைக்காதே. முறைப்படி எங்கே வருமோ அங்கே வை. இங்கே பல பாலங்கள் நான் நினைத்ததைவிட மோசமான நிலையில் இருக்கின்றன. எனக்குப் பிடிக்கும் என்பதற்காக ஒரு பள்ளிக்கூட பஸ் ஆபத்தான பாலத்தில் போக வேண்டுமா? மாடல் சீக்கிரம் வந்தால் நல்லது. அளவுகளை இப்போதே எடுக்கத் தொடங்கிவிட்டேன்.

உன் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன்.

நீ கேட்டது நல்லது. நானும் உன்னை எதையும் கேட்டதில்லை. தலைமை அலுவலகத்தில் வேலை கிடைத்து நீ பெட்டி கட்டியபோது, போகாதே என்றும் சொல்லவில்லை, நானும் வரட்டுமா என்றும் கேட்கவில்லை. மழை வருகிறது என்று ஜீப் ஏறினேன். ஆகவே குறை உன்னுடையது மட்டும் இல்லை. அதை நீ தனியாகச் சுமக்காதே.

கேட்டதால்தான் எனக்கும் நேராகப் பதில் சொல்ல முடிகிறது. வேண்டாம், வராதே.

கோபம் இல்லை. நீ வந்தால் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கும். நீ ஒன்றும் சொல்லவும் மாட்டாய். ஆனால் நீ திரும்பிப் போகிற அன்று நானே பெட்டியை எடுத்துக்கொண்டு பின்னால் வந்துவிடுவேன். வந்து, ஒவ்வொரு மழைக்கும் உன் முகத்தைப் பார்த்து முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மழை வந்தால் மனது வீட்டில் இல்லாத மனிதனோடு நீ ஒரு தடவை வாழ்ந்தாயிற்று. இன்னொரு தடவை வேண்டாம்.

வாலுவுக்குக் கல்லூரி திறக்க இன்னும் நாள் இருக்கிறதே. அவள் வர விரும்பினால் அனுப்பு. காலை பஸ்ஸில் ஏற்று. பிற்பகலுக்குமேல் மேலே பனி இறங்கிவிடும், பஸ் மெதுவாகத்தான் வரும். ஸ்வெட்டரும் நல்ல பிடிப்புள்ள ஷூவும் கொடுத்தனுப்பு. வளைவுகளில் அவளுக்கு வாந்தி வரும், முன் சீட்டில் உட்காரச் சொல். நான் ஸ்டாண்டில் நிற்பேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
வாலுவின் அப்பா